ஆறாம் ராத்திரி வராத பாடகி

பி.காம். படித்த எல்லோருக்கும் ஒரு பாடகியைத் தெரியும். பெயர் 'ஏ'. எந்த ஊர், என்ன பாட்டு, எதுவும் தெரியாது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 39-வது பிரிவுக்கு உதாரணமாக வருகிறார். 'பி' என்கிற தியேட்டர் மேனேஜரிடம், வாரத்துக்கு இரண்டு ராத்திரி வீதம் இரண்டு மாசம் பாட ஒப்புக்கொள்கிறார். ராத்திரிக்கு 100 ரூபாய். (1872-ல் நூறு ரூபாய்! அம்மணி லேசுப்பட்டவர் இல்லை.) ஐந்து ராத்திரி பாடுகிறார். ஆறாவது ராத்திரி வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுகிறார்.

மேனேஜர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது 39-வது பிரிவு. ஆனால் பாடி முடித்த ஐந்து ராத்திரிக்கும் காசைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 65. அவர் வராததால் வந்த நஷ்டத்தை வசூலிக்கலாம் என்கிறது 75. பரீட்சையில் ஐந்து மார்க் நிச்சயம். அந்தம்மா ஏன் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லையா, மேனேஜர் ஏதாவது சொல்லிவிட்டாரா என்று எங்கள் மெர்க்கன்டைல் லா வாத்தியாரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வெளியே நிற்க வேண்டும்.

இருபது சொச்சம் வருஷம் கழித்து, அந்த 'ஏ'-யை நேரில் பார்த்தேன். பெரம்பலூர் பக்கத்தில்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திங்கள், வெள்ளி மட்டும்தான் நடை திறப்பார்கள். உறவில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் ஒரு குரல், உலக்கைச் சத்தத்துக்கு மேலே தனியாக எழும்பி வந்தது. திரும்பிப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். சுற்றி நின்றவர்கள் செல்போனை எடுத்ததும் அந்தப் பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "வேணாங்க, எடுக்காதீங்க" என்று கும்பிடாத குறை.

வெட்கம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த அவளுடைய அப்பா சொன்னார்: "வெக்கம் இல்ல சார். அக்ரிமென்ட்டு."

அவர்களுக்கு ஊர் அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பக்கம். அப்பா சீசனுக்கு முந்திரிக்காடு குத்தகைக்கு எடுப்பவர். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போகப் புரியும். கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்டு பண்ணி யூட்யூபில் போடும் ஒரு சின்ன ஆடியோ கம்பெனி என்பதோடு விட்டுவிடுவோம்.

அடுத்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அரியலூரிலிருந்து பஸ். முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரி, இறங்கும்போது சட்டை பாதி வெள்ளை. மஞ்சள் பையிலிருந்து அந்த அக்ரிமென்டை எடுத்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் புத்தகத்தையும் படத்தையும் விமர்சித்துப் பழக்கம். இந்த வாரம் விமர்சனத்துக்கு வந்திருப்பது இதுதான். 100 ரூபாய் பத்திரம், மொத்தம் ஆறு பக்கம்.

நடையில் குறை சொல்ல முடியாது. 'யாதொரு ஆட்சேபனையும் இன்றி', 'பூரண சம்மதத்துடன்' என்று கிரயப் பத்திரம் போலவே கம்பீரமாக ஓடுகிறது. கதைச்சுருக்கம்: இரண்டாம் பார்ட்டி (பாப்பா) முதல் பார்ட்டிக்கு (கம்பெனி) மட்டுமே பாட வேண்டும். கம்பெனி எழுதிக் கொடுத்தால் தவிர, வேறு மேடை, வேறு சேனல், சொந்த செல்போன் எதிலும் பாடக்கூடாது. அட்வான்ஸ் 25,000 ரூபாய். ரெக்கார்டிங் செலவு கழிந்த பிறகு வருமானத்தில் 10 சதவீதம். செலவு எவ்வளவு என்று சொல்லப்போவது கம்பெனி. கணக்கைக் காட்ட வேண்டும் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. பி.காம். படித்தவனுக்கு இங்கேயே வயிறு கலங்கிவிடும்.

ஆனால் கதையின் முடிச்சு நாலாம் பக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தக் காலம்: 5 வருஷம் 'அல்லது' 100 பாடல்கள், 'இவற்றில் எது பிந்தியதோ அதுவரை'. கம்பெனி ஏற்றுக்கொண்டு வெளியிட்ட பாட்டு மட்டுமே கணக்கில் சேரும். வருஷத்துக்கு இத்தனை பாட்டு ரெக்கார்டு பண்ணியே ஆகவேண்டும் என்று கம்பெனிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

"இதுவரைக்கும் எத்தனை பாட்டும்மா?"

"மூணு வருஷத்துல பதினொண்ணு சார்."

கால்குலேட்டர் தேவையில்லை. இதே வேகத்தில் போனால் 100 பாட்டு முடிய 27 வருஷம். கையெழுத்துப் போட்டபோது அவளுக்கு வயது 17. முடியும்போது 44. ஏறக்குறைய இன்றைக்கு என் வயது.

அந்தப் பதினொன்றில் ஒரு பாட்டு நன்றாகவே ஓடியிருக்கிறது. அவளுடைய அப்பாயி நடவுக்குப் பாடிய பாட்டு அது. காப்பு கட்டின ராத்திரி ஊர்க் கோயிலில் அதே பாட்டை அவள் பாடியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட, இரண்டு நாளில் காப்பிரைட் புகார் வந்து வீடியோ காணாமல் போய்விட்டது. அதோடு ஒரு நோட்டீஸும். அன்றிலிருந்து செல்போனைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறாள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வழக்கு. பாடுகிற ஆள் யாருக்குச் சொந்தம் என்பது வேறு வழக்கு. இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த சண்டை முதல் வகை. கேசட் காலத்துப் பேப்பரை வைத்துக்கொண்டு ஸ்ட்ரீமிங் காலத்தில் வாதாடினார்கள். அதைப் பற்றி டீக்கடையில்கூடப் பேசுகிறோம். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் வயது. 17 வயதுப் பெண் போட்ட கையெழுத்து செல்லாது. மைனர் செய்த ஒப்பந்தம் பிறக்கும்போதே செத்தது என்று பிரிவி கவுன்சில் 1903-லேயே மோஹரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. அப்பா கையெழுத்துப் போட்டாலும் இதே கதிதான். 1940-களின் கடைசியில் பம்பாயில் ராஜ் ராணி என்ற சிறுமிக்காக அவளுடைய தந்தை பிரேம் அதீப் என்ற படத் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் அவளை விலக்கிவிட, நஷ்ட ஈடு கேட்டு வழக்கு. மைனர் ஒப்பந்தம், செல்லாது, எனவே நஷ்ட ஈடும் கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. குழந்தையைக் காப்பாற்ற வந்த சட்டம் குழந்தையை வெறுங்கையோடு அனுப்பி வைத்தது. டி.வி.யில் குழந்தைகளைப் பாடவைத்துவிட்டு மேடைக்குக் கீழே கண்கலங்கும் பெற்றோர்கள் இந்த வழக்கை ஒருதரம் படித்துவிட்டுப் பேப்பரில் கைவைக்கலாம்.

நம் பாப்பா விஷயத்தில் கம்பெனி விவரமானது. 18 முடிந்த மறுவாரமே வீட்டுக்கு வந்து புதுப் பத்திரத்தில் இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்வீட் பாக்ஸோடு.

அடுத்தது 27-வது பிரிவு. ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்பதற்கு மட்டும் விதிவிலக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 1874-ல் கல்கத்தாவில் பித்தளைப் பாத்திர வியாபாரி ஒருவர், "நீ இந்தப் பேட்டையில் கடையை மூடு, 900 ரூபாய் தருகிறேன்" என்று போட்டிக் கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்தார். அவர் மூடினார், இவர் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால், தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தம், செல்லாது, காசு கிடையாது என்று தீர்ப்பு. அவ்வளவு கறாரான பிரிவு.

அப்படியானால் பாப்பா நாளைக்கே பாடலாமா? முடியாது. 1898-ல் சான்சிபாரில் ஒரு டாக்டர், தன்னிடம் மூன்று வருஷம் வேலை செய்ய ஒப்புக்கொண்ட அசிஸ்டென்ட் பாதியில் போய்த் தனியாக வைத்தியம் பார்க்கிறார் என்று வழக்குப் போட்டார். (சான்சிபார் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அந்நாளில் அங்கே அப்பீலுக்கு பம்பாய்தான்.) வேலை செய்கிற காலத்துக்குள் 'எனக்கு மட்டும்தான்' என்று சொல்வது தொழிலைத் தடுப்பது ஆகாது, 27-வது பிரிவு அங்கே வராது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கோடு போட்டது. 1967-ல் சுப்ரீம் கோர்ட் கோலிகாரி வழக்கில் அதே கோட்டைத் தடிமனாக்கியது. அநியாயத்துக்கு ஒருதலைப்பட்சமாக இருந்தால் மட்டும் தடையுத்தரவு தராமல் இருக்கலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு நீட்டிக்கும் கட்டுகளை நம் கோர்ட்டுகள் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டுகின்றன. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் 2000-ல் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியோடு மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தார். முடிந்த பிறகும் வேறு யாராவது வந்தால் முதலில் எங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒரு ஷரத்து. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. நம் பத்திரத்தின் ஐந்தாம் பக்கத்திலும் இதே ஷரத்து இருக்கிறது. அதை நான் பேனாவால் அடித்துக் காட்டியபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப இது முடிஞ்சா பாப்பா ப்ரீயா சார்?"

"முடிஞ்சா ப்ரீண்ணே."

"எப்ப முடியும்?"

பாருங்கள், நம்முடைய சட்டத்தில் என் விமர்சனமே அந்தக் கேள்விதான். முடிந்த பிறகு வரும் தடையைச் சட்டம் அளந்து பார்க்கிறது. முடியும்வரை உள்ள நீளத்தை எந்தப் பிரிவும் அளப்பதில்லை. ஆகவே புத்திசாலிக் கம்பெனி என்ன செய்யும்? முடியாத ஒப்பந்தம் எழுதும். தேதிக்குப் பதில் பாட்டு எண்ணிக்கை போடும், எண்ணுகிற வேலையைத் தானே வைத்துக்கொள்ளும்.

காப்பிரைட் சட்டத்தில் ஒரு ஐந்து வருஷக் கணக்கு இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர் ஒரு வருஷம் உபயோகிக்காமல் வைத்திருந்தால் உரிமை திரும்பிவிடும். பாடகர்களின் உரிமைக்கும் இது பொருந்தும். அடடா என்று தோன்றுகிறதா? பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இரண்டுமே கிடையாது. வேறு மாதிரி எழுதாத பத்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்பா சொன்ன ஒரு விஷயத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. "நெலத்த ஒத்திக்கு வுட்டாக்கூட பணத்தக் கட்டி மீட்டுக்கலாம் சார். கொரல மீட்க முடியாதா?" உண்மை. மீட்கவே முடியாது என்று அடமானப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அந்த வரி செல்லாது. சொத்து மாற்றுச் சட்டத்தில் 60-வது பிரிவு. கால் காணி மேட்டு நிலத்துக்கு இருக்கிற பாதுகாப்பு, இந்தப் பெண்ணின் தொண்டைக்கு இல்லை.

இன்னொன்றும் சொன்னார். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்துக் கரண்ட் தயாரிக்கப்போகிறோம் என்று 1990-களில் சுற்று வட்டார நிலங்களை எடுத்தார்கள். கரியும் வரவில்லை, கரண்டும் வரவில்லை. வருஷக்கணக்கில் நிலம் அப்படியே கிடந்தது, சொந்தக்காரர்கள் நஷ்ட ஈட்டுக்காகக் கோர்ட் வாசலில் கிடந்தார்கள். "அதே கததான். எடுத்துக்குவாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நம்மளயும் பண்ண வுட மாட்டாங்க."

இதே மூன்று வாக்கியத்தைத்தான் 1974-ல் லண்டனில் பிரபுக்கள் சபை சட்ட பாஷையில் சொன்னது. டோனி மெக்காலே என்ற இளைஞர் 21 வயதில், 1966-ல், பாட்டு வெளியிடும் ஒரு கம்பெனியோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார். வருமானம் ஒரு தொகையைத் தாண்டினால் தானாகவே இன்னும் ஐந்து வருஷம் நீளும். அட்வான்ஸ் 50 பவுண்டு. கம்பெனி ஒரு மாத நோட்டீஸில் விலகலாம், அவர் விலக முடியாது. அவர் எழுதுகிற எதையும் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. அச்சடித்த பாரத்தில் கையெழுத்து வாங்கி ஒரு இளைஞனின் உழைப்பை அலமாரியில் பூட்டி வைக்க முடியாது என்று ஒப்பந்தத்தையே செல்லாததாக்கினார்கள். அதற்காக லண்டனைச் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் மைக்கேல் இதே மாதிரி சோனியை எதிர்த்து 1994-ல் தோற்றார். அவர் பேரம் பேசத் தெரிந்த நட்சத்திரம், கூடவே நல்ல வக்கீல்கள். நீதிபதிக்கு நீதிபதி அளவுகோல் மாறும்.

வருஷத்தை எண்ணிச் சொல்கிற ஊர் கலிஃபோர்னியா. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வார்னர் பிரதர்ஸோடு ஏழு வருஷ ஒப்பந்தத்தில் இருந்தார். பிடிக்காத வேஷத்தை மறுத்தால் சஸ்பெண்ட் செய்வார்கள். அந்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டவைத்து நீட்டுவார்கள். 'எது பிந்தியதோ' வகையறாதான். அவர் கேஸ் போட்டார். ஏழு வருஷம் என்றால் காலண்டரில் ஏழு வருஷம், அதற்கு மேல் ஒருவரின் சொந்த உழைப்பைக் கட்டிப்போட முடியாது என்று 1944-ல் தீர்ப்பு. பிறகு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். 2020-ல் 104 வயதில்தான் காலமானார். ரெக்கார்டு கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாடகர் ஏழு வருஷத்தில் போகலாம், ஆனால் பாக்கி ஆல்பத்துக்கு நஷ்ட ஈடு கேட்போம் என்று 1987-ல் சட்டத்தில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டன. அதை அடைக்க 2022-ல் முயன்றார்கள். நடக்கவில்லை.

இதில் எனக்குத் தூக்கம் போனது ஒரு தேதியைப் பார்த்துத்தான். நம்முடைய 27-வது பிரிவு நியூயார்க் வக்கீல் டேவிட் டட்லி ஃபீல்ட் என்பவர் தயாரித்த வரைவைப் பார்த்து எழுதப்பட்டது. கலிஃபோர்னியாவின் இதே மாதிரிப் பிரிவும் அதே வரைவிலிருந்து வந்தது. இரண்டும் 1872. கூடப்பிறந்த சட்டங்கள் என்றே சொல்லலாம். அதே வருஷத்து கலிஃபோர்னியத் தொகுப்பில், சொந்த உழைப்பு ஒப்பந்தத்துக்குக் கால வரம்பும் இருந்தது. அப்போது இரண்டு வருஷம். 1931-ல் ஏழு ஆனது. நமக்கு வந்த மூட்டையில் அந்தப் பொருள் இல்லை. நாமும் நூற்றைம்பது வருஷமாகக் கேட்கவில்லை.

எங்கள் 'ஏ'-யை எழுதியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரு பாடகியின் ஒப்பந்தம் என்றதும் அவர்கள் மனசில் வந்தது இரண்டு மாசம். ஐந்தே வருஷம் கழித்து 1877-ல் வந்த இன்னொரு சட்டத்தில் மறுபடி ஒரு பாடகி உதாரணம். வேறெங்கும் பாடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தால், இங்கே பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது, அங்கே பாடாதே என்று தடுக்கலாம். லண்டனில் ஜொஹானா வாக்னர் என்ற பாடகிக்கு 1852-ல் கிடைத்த தீர்ப்பின் நகல் அது. அதில்கூட 12 மாசம்தான். 27 வருஷம் அவர்கள் கனவிலும் வரவில்லை.

கம்பெனி தரப்பையும் கேட்டுவிடுவதுதான் முறை. போனில் பேசினேன். மரியாதையாகவே பேசினார்கள். "பத்து பேர்ல ஒம்பது பேர் ஓட மாட்டாங்க சார். ஓடுற ஒருத்தர வெச்சுத்தான் அந்த ஒம்பது செலவையும் எடுக்கணும். ஓடின உடனே அவங்க வேற சேனலுக்குப் போயிட்டா நாங்க எங்க போறது?" நியாயமான கேள்வி. ஜெயங்கொண்டம் பக்கத்து நடவுப் பாட்டை ஸ்டூடியோ வாடகை கொடுத்துப் பதிவு செய்ய வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதும் உண்மை. போட்ட காசை எடுக்க மூன்று வருஷம் வேண்டுமா, ஐந்தா, ஏழா? பேசலாம். நான் ஐந்துக்குக் கைதூக்குவேன். அதற்குள் எடுக்க முடியாத காசை 27 வருஷத்தில் எடுத்துவிடுவேன் என்று சொல்பவரிடம் என் பி.காம். மூளை பேலன்ஸ் ஷீட்டைக் கேட்கிறது.

"வருஷத்துக்கு இத்தனை பாட்டுன்னு நீங்க எழுதிக் கொடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"அதெப்படி சார், மார்க்கெட்டப் பார்த்துதானே போட முடியும்?"

இவருக்கு மார்க்கெட் மாறும். பாப்பாவுக்கு மட்டும் எதுவும் மாறக்கூடாது.

கிளம்பும்போது அப்பா தன் குத்தகை நோட்டைக் காட்டினார். முந்திரிக்காட்டுக்காரருக்கும் இவருக்கும் உள்ள ஒப்பந்தம், கோடு போட்ட நோட்டில் பாதிப் பக்கம். எந்த மாசம் காட்டுக்குள் இறங்குவது, எந்த மாசம் வெளியேறுவது, எவ்வளவு பணம், எத்தனை தவணை. கீழே இரண்டு கையெழுத்து. இதை எழுதத் தெரிந்த மனிதர் அந்த ஆறு பக்கத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டேன்.

"பாப்பா பாட்டு டி.வி. பொட்டில வரும்னாங்க சார்" என்றார். அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள்.

அரியலூரில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அனுப்பி வைத்தேன். பத்திரத்தைப் படித்துவிட்டு, கோலிகாரியில் விட்ட சந்தில் நுழைந்து பார்க்கலாம், ஒருதலைப்பட்சம் என்று நிரூபிக்க நல்ல கேஸ்தான் என்றார். எவ்வளவு காலம் ஆகும் என்றதற்கு, ஃபேனைப் பார்த்தார். முதலில் ஒரு நோட்டீஸ் விடுவோம், கணக்குக் கேட்போம், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் கேட்போம் என்று முடிவானது.

போன வாரம் அப்பா போன் செய்தார். பதில் வந்துவிட்டதாம். ஒரே பாராதான். கணக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. தேதியும் இல்லை. இன்னும் 89 பாட்டு பாக்கி என்று எழுதியிருக்கிறார்களாம்.